பத்துக்கு ஆறரை

அவர் எனக்குப் போட்ட முதல் மதிப்பெண் மூன்றரை. பத்துக்கு. நானாகக் கேட்கவில்லை.

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் ஆளாக நான் சேர்ந்த முதல் வாரம் அது. கணினி ஓடவில்லை என்று யாராவது கூப்பிட்டால் போய், அணைத்து, மறுபடி போட்டுவிட்டு, பெரிய அறுவை சிகிச்சை முடித்தவன் போல நெற்றியைத் துடைத்துக்கொண்டு வருவேன். ஓய்வறையில் ஒரு தமிழ் முகத்தைக் கண்ட சந்தோஷத்தில், கேட்காமலேயே தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்தார். கோப்பையை மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"மூண்டரை" என்றார்.

"என்னக்கா?"

"தேத்தண்ணி. தேத்தண்ணிக்கு மூண்டு. அரைப் புள்ளி, கோப்பையைக் கழுவிப்போட்டுத் தந்ததுக்கு. நீர் எங்கயிருந்து வந்தனீர்?"

என்னை அதுவரை ‘நீர்’ என்று அழைத்தவர்கள் மேடையில் ராஜா வேடம் கட்டியவர்கள் மட்டுமே. திருச்சி என்றேன். "அப்ப சரி, பால் கூடத்தான் விடுவீர்" என்றார். யாழ்ப்பாணத்தில் ‘நீர்’ என்பது உரிமையோடு வரும் மரியாதை என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது அவருக்கு இதை அனுப்பிவைப்பார்கள், அவர் படித்துவிட்டு இதற்கும் புள்ளி போட்டு எனக்குத் திருப்பி அனுப்புவார். என் இதயம் பழைய மாதிரி இல்லை.

மற்றவர்கள் மூச்சுவிடுவது போல அவர் புள்ளி போட்டார். பெண்டில் ஹில்லில் ஒரு கல்யாண வரவேற்பு: சாப்பாடு ஆறு, நாதஸ்வரம் ஐந்து, மாப்பிள்ளை நாலரை, "ஆனா பெடியன் வளரலாம்." ரயில் நிலையத்தில் வண்டி வந்து நின்றதும், கதவு தன் முன்னால் நின்றதா என்று பார்த்து ஓட்டுநருக்கு ஒரு புள்ளி. தன் கணவருக்கு ஐந்தே முக்கால். அந்த முக்கால் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "குப்பை வாளியைச் சொல்லாமல் வெளியில வைக்கிறவர்" என்றார்.

பத்து யாருக்கும் கிடையாது. "பத்தைக் குடுத்தா நாளைக்கு அந்தாள் எங்க போறது?" என்பார். ஏழரையும் கிடையாது, யார் தலையிலும் ஏழரைச் சனியை ஏற்றிவைக்க அவருக்கு மனமில்லை. ஏழுக்கு அடுத்த படி எட்டு. அந்தப் படியில் நான் அறிய ஏறியது ஒரே ஒரு மழை. கோடை முழுக்கக் காட்டுத்தீப் புகையில் நகரமே இருமிக் கிடந்து, ஒரு நாள் திடீரென்று பெய்த மழை. மைதானத்து ஓரத்தில் முழுக்க நனைந்தபடி நின்று "எட்டு" என்றார். வானம் அதற்குமேல் முயலவில்லை.

அவருக்குப் பள்ளியில் என்ன வேலை என்று சொல்லவேண்டும். அவர் ஆசிரியர் இல்லை, ஆசிரியருக்கு உதவியாள். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நாற்காலியை, அவர் சொல்லில் கதிரையை, போட்டுக்கொண்டு, மெல்லிய குரலில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். ஊரில் அவர் தபால் கந்தோரில், அதாவது அஞ்சலகத்தில், வேலை பார்த்தவர். படிப்பித்த அனுபவம் எதுவும் கிடையாது. ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் கணக்கு போட்டார்கள்.

எங்கள் பள்ளியில் பாராட்டுக்குப் பஞ்சமே இல்லை. தேதியை மட்டும் எழுதிவிட்டுத் தூங்கிய மாணவனின் தாளில் ‘அமேஸிங்’ என்று தங்க நிற ஸ்டிக்கர் இருக்கும். ஒருமுறை ஒரு தாளில் பெயரே இல்லை. ‘அற்புதமான முயற்சி’ என்று எழுதிவிட்டு, யார் அந்த அற்புதம் என்று வகுப்பு முழுக்கத் தேடினார்கள். பிள்ளைகள் அந்த ஸ்டிக்கர்களைத் தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிக்கொண்டு மறந்துவிடுவார்கள். ஆனால் இவரிடம் ஐந்தரையிலிருந்து ஆறுக்கு ஏறியவன், மைதானத்தில் ஆட்களைத் தேடிப் பிடித்துச் சொல்லுவான்.

அந்த நாட்களில்தான் ஆசிரியர் தட்டுப்பாடு முற்றியது. இரண்டு வகுப்புகளைச் சேர்த்து மண்டபத்தில் உட்கார வைத்துப் பென்குயின்களைப் பற்றிப் படம் போடுவார்கள். படம் போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் அந்த வருடம் அல்ஜீப்ராவில் பின்தங்கினாலும் பென்குயின்களில் மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்திருப்பார்கள்.

ஒரு நாள் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் வரவில்லை. உதவியாள் தனியாக வகுப்பை எடுக்கக்கூடாது, சட்டம். ஆகவே விளையாட்டு ஆசிரியரைக் கொண்டுவந்து ஓர் ஓரமாக உட்கார வைத்தார்கள். அவர் கழுத்தில் விசில் தொங்க, பாடவேளை முழுக்க ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் பின்னக் கணக்கு நடத்தினார். அடுத்த நாளும் அப்படித்தான். அந்த மாதம் முழுக்கவே அப்படித்தான். மாத முடிவில் விளையாட்டு ஆசிரியர் என்னிடம் ரகசியமாக, தனக்கே இப்போது பின்னம் புரிகிறது என்றார்.

பள்ளியில் ஏற்கெனவே வேலை செய்கிறவர்களையே ஆசிரியர்களாக்கும் திட்டம் ஒன்று அப்போது வந்தது. ஏதாவது ஒரு பட்டம் கையில் இருந்தால் போதும். மாலையில் பல்கலைக்கழகத்துப் பாடம், பகலில் வழிகாட்டும் ஆசிரியை ஒருவரின் கண்பார்வையில் வகுப்பு, கடைசியில் ஒரு குழு முன்னால் நேர்காணல். தேறினால் அக்ரெடிட்டேஷன், அதாவது ஆசிரியர் அங்கீகாரம். முதல்வர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "உங்களுக்குள் ஆசிரியர் ஒளிந்திருக்கிறார்" என்றார். இவரிடம் ஒரு வணிகப் பட்டம் இருந்தது. என்னிடம் பொறியியல் பட்டம். தமிழ்நாட்டில் அது இல்லாதவனைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

"சேருவமோ தம்பி?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எதுக்குக்கா இந்த வயசுல?"

"ஒரு வகுப்பு வேணும். இரவல் வகுப்பில்லை. கதவில என்ர பேர் இருக்கவேணும்."

வேறு எதைப்பற்றியும் அவர் புள்ளி போடாமல் பேசி நான் கேட்டதில்லை.

சேர்ந்தோம். சேரும்போது பழைய வேலையை விடவேண்டும் என்பது நிபந்தனை. அவருடைய சின்னக் கதிரைக்கு வேறு ஒருவர் வந்துவிட்டார். தேறாவிட்டால் திரும்பிப்போக இடமில்லை. தினமும் காலையில் எந்தப் பள்ளியாவது கூப்பிடுமா என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பாதி வழியில் ஒரு சுயமதிப்பீட்டுத் தாள் வந்தது. ‘ஆசிரியராக உங்களை நீங்களே ஒவ்வொரு தகுதியிலும் பத்துக்கு மதிப்பிடுக.’ நான் எல்லாவற்றிலும் ஒன்பது போட்டேன். சுற்றுலா அழைத்துச் செல்லும்போது மாணவர் பாதுகாப்பு என்ற தகுதியிலும் ஒன்பது. நான் பிள்ளைகளை அழைத்துச்சென்ற ஒரே சுற்றுலா மாடியிலிருந்து நூலகத்துக்கு. அதிலும் ஒருவனைக் காணவில்லை. என் தாளுக்கு வந்த பதில்: ‘தன்னைப் பற்றிய வியக்கத்தக்க தெளிவு.’

அவர் எல்லாவற்றிலும் நாலு போட்டிருந்தார்.

"என்னக்கா இது?"

"பின்ன? நான் நல்லாப் படிப்பிக்கிறன் எண்டு நானே எழுதுறதோ? பாக்கிற சனம் சிரிக்காதே?"

இதில் நான் அவரைக் குறைசொல்ல முடியாது. நம்மவர் வீட்டில் பதினெட்டு வகை சமைத்து வைத்துவிட்டு, "ஒண்டும் பெரிசாச் செய்யேல்லை, இருக்கிறதைச் சாப்பிடுங்கோ" என்றுதான் இலை போடுவார்கள். நாமும் இலையைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். அந்தக் குழுவில் இருந்தவர்கள் இலையைப் பார்க்கவில்லை. சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். ‘இவர் தம் தகுதியின்மையைத் தாமே உணர்ந்திருப்பதால், இறுதி நேர்காணலில் மாற்றம் தெரியாவிட்டால் திட்டத்தில் தொடர இயலாது’ என்று பதில் வந்தது.

அதைப் படித்த அன்று அவர் எதற்கும் புள்ளி போடவில்லை. ரயில் கதவு சரியாக அவர் முன்னால் வந்து நின்றது. பேசாமல் ஏறிப் போய்விட்டார். நான் பயந்துவிட்டேன்.

தற்பெருமையில் இந்தப் பள்ளியிலேயே முதன்மையானவன் என்ற முறையில், அவருக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரவீனில் அவர் வீட்டுக் குசினியில் வகுப்பு. அவருடைய கணவர் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். வெஸ்ட்மீட்டில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவருக்கு வேலை.

"சொல்லுங்கக்கா. நான் ஒரு சிறந்த ஆசிரியை."

"ஆர் சொன்னது?"

"நீங்கதான் சொல்றீங்க."

"நான் சொன்னாப்போல ஆச்சோ?"

"சரி, இப்படிச் சொல்லுங்க. என் மாணவர்கள் வியக்கத்தக்க முன்னேற்றம் அடைஞ்சிருக்காங்க."

"சிலதுகள் அடைஞ்சிருக்கு. சிலதுகள் அப்பிடியே இருக்கு."

"அந்த ரெண்டாவது வரி வேணாம்."

"அப்ப அந்தப் பிள்ளையளை என்ன செய்யிறது? ஒளிச்சு வைக்கிறதோ?"

கணவர் அடுப்புப் பக்கமிருந்து, "தம்பி, விடும். ஆஸ்பத்திரியில என்ர சாப்பாட்டைச் சாப்பிட்டுப்போட்டுச் சனம் எழும்பி நடக்குது. இவ இன்னும் அஞ்சே முக்கால் எண்டுறா" என்றார்.

"நடக்கிறது மருந்தால" என்றார் இவர்.

மாலைவரை பேரம் பேசினோம். நான் ஒன்பதில் தொடங்கினேன், அவர் நாலரையில். கடைசியில், "சரி, எட்டு எண்டு சொல்லுறன்" என்று இறங்கிவந்தார். சொல்லிவிட்டு, அந்த மழையிடம் மன்னிப்புக் கேட்பதுபோல ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். என் பயிற்சிக்கு ரெண்டு புள்ளி. "ஏன் ரெண்டு?" என்றேன். "ஒண்டு, நீர் வந்ததுக்கு. மற்றது, ரோல்ஸ் மிச்சம் வைக்காததுக்கு."

நேர்காணலுக்கு, நம் வகுப்பைப் பார்த்த சக ஊழியர் ஒருவரைக் கூட்டிவரவேண்டும் என்று விதி. அவர் என்னைக் கூப்பிட்டார். அதற்காக முந்தைய வாரமே அவர் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருந்தேன்.

"என்னையா? பள்ளியில எத்தனை பெரிய ஆளுங்க இருக்காங்க."

"ஆர் வந்தாலும் எனக்காகப் பொய் சொல்லுவினம்."

"நான் மட்டும் சொல்லமாட்டேனா?"

"நீரும் சொல்லுவீர். ஆனா உம்மட பொய்யள் எனக்குப் பழக்கம்."

குழுவில் மூன்று பேர். நரைத்த தலையோடு ஒரு தலைவி, பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர், பிறகு எங்கள் வழிகாட்டி ஆசிரியை. எல்லாருடைய தாளிலும் ‘அமேஸிங்’ என்று எழுதுபவர் அவர்தான். என்னுடைய தாளிலும் எழுதியிருக்கிறார், அதனால் நல்லவர். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். தலைவி கனிவாகத்தான் கேட்டார்: "இன்றைக்கு உங்களைப் பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பிடுவீர்கள்?"

இவர் வாயைத் திறந்தார். எட்டு என்ற சொல்லின் முன்பாதி வெளியே வந்ததை நான் காதால் கேட்டேன். பின்பாதி வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆறரை" என்றார்.

பல்கலைக்கழகத்துக்காரர் ஏதோ எழுதினார். நீளமாக எழுதினார். தலைவி, நோயாளியிடம் பேசும் குரலில், "ஏன் இவ்வளவு குறைவு?" என்றார்.

"இது குறைவில்லை" என்றார் இவர். அவ்வளவுதான், விளக்கவில்லை.

தலைவி என் பக்கம் திரும்பினார். "நீங்கள் இவருடைய வகுப்பைப் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் என்ன கொடுப்பீர்கள்?"

என்னிடம் பத்து தயாராக இருந்தது. கூடவே கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த ஒரு சின்னச் சொற்பொழிவு. அதில் ‘கலங்கரை விளக்கம்’ என்றெல்லாம் வரும். வாயைத் திறக்குமுன் அவரைப் பார்த்தேன். காப்பாற்று என்கிற பார்வை இல்லை அது. என் தேநீரின் முதல் வாயைக் குடித்துவிட்டு யோசிப்பாரே, அந்தப் பார்வை.

"ஏழு" என்றேன்.

வழிகாட்டி ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டார். பல்கலைக்கழகத்துக்காரரின் பேனா இன்னும் வேகமாக ஓடியது. கூட்டிவந்த நண்பனே கழுத்தறுத்துவிட்டான் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது.

இவர் மட்டும் கதிரையை என் பக்கம் திருப்பினார். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தமிழில் கேட்டார்:

"மூண்டு எங்க போச்சு?"

"அக்கா, இங்கேயா?"

"வேற எங்க? சொல்லும்."

எல்லாருக்குமாக ஆங்கிலத்தில் சொன்னேன். போன வாரம் பின்னம் நடத்திய அன்று, ஜன்னலோரத்துப் பெண்ணுக்கு முதல் விளக்கத்திலேயே புரிந்துவிட்டது. மற்றவர்களுக்காக நீங்கள் திரும்பத் திரும்ப விளக்கினீர்கள். அவள் புத்தகத்தை மூடிவிட்டு, மணி அடிக்கும்வரை போகிற வருகிற ரயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு ஒன்று.

தன் கையிலேயே குறித்துக்கொண்டு, மறுபடி தமிழுக்கு வந்தார். "ஓம். அது சரி. நான் காணேல்லை. மற்றது?"

"பலகையில ரொம்பக் கீழ எழுதுறீங்க. பின்வரிசைக்குத் தெரியாது."

"என்ர உயரம் அவ்வளவுதானே. சரி, வெட்டும். மற்றது?"

"நீங்க சிரிக்கிறதே இல்லை."

பேனா நின்றது. "அதுக்கு ஒண்டோ? சிரிக்காததுக்கு அரைதான் வெட்டலாம்."

"ஒன்னுதான்க்கா."

"அரை. ஞாயம் எண்டு ஒண்டு இருக்கு."

"சரி, அரை. அப்ப மொத்தம்..." என்று கூட்டினேன். இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். ஏழரை.

"வேண்டாம்" என்றார் உடனே. "ஒண்டையே வெட்டும்."

தலைவி மரியாதையாக இருமினார். "நீங்கள் இருவரும் என்ன பேசிக்கொள்கிறீர்கள்?"

"அரைப் புள்ளிக்கு மேல்முறையீடு செய்தார்" என்றேன். "சோதிடக் காரணங்களால் இப்போது அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்."

தலைவி சிரிக்கவில்லை. இவரைப் பார்த்து, "அந்த ஜன்னலோரப் பெண்ணை என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டார். இம்முறை நோயாளிக் குரல் இல்லை.

"நாளைக்கு அவளுக்கு முதலில் ஒரு கடினமான கணக்கு. அதன்பிறகுதான் மற்றவர்களுக்கு விளக்கம். அது அவளுக்குச் சரிவராவிட்டால் நாளை மறுநாள் வேறு ஒன்று" என்றார் இவர். "நான் எட்டு என்று சொல்லியிருந்தால் இந்தத் தம்பி இதை எனக்குச் சொல்லியிருக்க மாட்டார்."

பல்கலைக்கழகத்துக்காரர் எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, நிதானமாக அடித்தார். எங்கள் வழிகாட்டி ஆசிரியைக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. "இவ்வளவு நாளாகக் கேட்கவேண்டும் என்றிருந்தேன். எனக்கு எவ்வளவு?" என்றார்.

"ஆறு" என்றார் இவர், யோசிக்காமலே. "எல்லாருக்கும் அமேஸிங் என்று எழுதுகிறீர்கள். எனக்கும் எழுதினீர்கள். நான் எதைத் திருத்துவது என்று தெரியாமல் வீட்டுக்குப் போனேன்."

ஆசிரியை அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகமோ, நெடுநாள் கழித்துத் தன் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டது போல மலர்ந்திருந்தது. தலைவி அவசரமாகக் கூட்டத்தை முடித்தார். ஆனால் நாங்கள் வெளியேறும்போது இவரை மட்டும் ஒரு நிமிடம் நிற்கச் சொன்னார். கதவு சாத்தப்பட்டது. இவர் வெளியே வந்ததும், "அவங்களுக்கு எவ்வளவுக்கா?" என்று கேட்டேன்.

"அது அவவின்ர சொந்த விஷயம்" என்றார்.

தேறிவிட்டார். அறிக்கையில் எல்லா வரிசையிலும் ‘மிகச் சிறப்பு’ என்று ஒரே மாதிரி போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில நான் எதைத் திருத்துறது?" என்று இழுப்பறையில் போட்டு மூடினார்.

வகுப்புக் கதவில் பெயர்ப்பலகையை மாட்டும் வேலை எனக்கு வந்தது. நானும் அப்போது தேறி, பக்கத்து அறைக்கு ஆசிரியனாகியிருந்தேன். ஆனாலும் பள்ளியில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும் இடம் எனக்குத்தான் தெரியும். மாட்டிவிட்டுத் தள்ளி நின்றேன். அவர் வந்து பார்த்தார். தன் பெயரைத் தலையைச் சாய்த்துப் படித்தார்.

"அஞ்சு" என்றார். "சரிஞ்சு போச்சு."

பிறகு ஒரு விரலால் பலகையின் ஓரத்தைத் தொட்டு நேராக்கினார். அது நேரான பிறகும் விரலை உடனே எடுக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து, மகள் வேலை பார்க்கும் மெல்பனுக்கே குடிபோய்விட்டார்கள். இப்போது நோபல் பார்க் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. மாநிலம் மாறினால் ஆசிரியர்களைப் பதிவுசெய்யும் வாரியமும் மாறும். அங்கேயும் தன்னைத் தானே மதிப்பிடச் சொன்னார்களாம். "ஆறரைதான் போட்டனான்" என்றார் போனில். "புதுப் பள்ளிக்கூடம், புதுப் பிள்ளையள். கூட்டேலாது."

நான் இன்னும் அதே பக்கத்து அறையில் படிப்பிக்கிறேன். பிள்ளைகளின் தாளில் ‘அமேஸிங்’ என்று கை போகும், பாதியில் நின்றுவிடும். ‘அமே’ வரை எழுதி அடித்த தாள்கள் என்னிடம் நிறைய உண்டு. தீபாவளிக்குத் தவறாமல் அவருக்குப் போன் செய்வேன். போன தீபாவளிக்குக் கேட்டார்:

"எப்பிடிப் போகுது தம்பி, உம்மட படிப்பிப்பு?"

ஒன்பது போட்டுப் பழகிய வாய் என்னுடையது. நன்றாக யோசித்து, அடக்கத்தோடு, உள்ளபடியே சொன்னேன்: "ஆறுக்கா."

"ஆறோ? ஆர் போட்டது?"

"நானேதான் போட்டேன்."

"அப்ப அஞ்சு" என்றார்.